மூன்று மணி விழிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்துபோன நேரம் 3.10, 3.25 என்றே காட்டுகிறது. கேட்டால் "சும்மா முழிப்பு வந்துச்சும்மா" என்கிறாய். தினமும் சும்மா வராது சாமி.

ராத்திரியில் லேசாக விழித்துப் புரண்டு படுப்பது எல்லோருக்கும் உண்டு. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முதல் சுற்றுகளில் ஆழம் அதிகம், விடியப் போகப் போக லேசாகிவிடும். 11 மணிக்கு இடி இடித்தாலும் எழாதவன் 3 மணிக்கு நாய் குரைத்தாலே எழுந்துவிடுவான். மறுபடி தூக்கம் வராமல் கிடந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

அப்பா விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை. போன வருஷம் ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போனார். சர்க்கரையோ என்று பயந்து போனோம். டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிரஷருக்குத் தந்ததில் ஒன்று உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரை. அதைப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்தார்! டாக்டர் அதைக் காலைக்கு மாற்றச் சொன்னார். அடுத்த வாரமே அப்பா ஐந்து மணிவரை தூங்கினார். எனக்கு 48 வயதில் மாதவிலக்கு நிற்கிற சமயம் கழுத்து வேர்த்து, தலையணை உறை நனைந்து விழிப்பேன். அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய்.

உனக்கு என்ன என்று யோசித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காபி குடிக்கிறாய். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மதியத்தோடு நிறுத்திப் பார். நண்பர்களோடு மது குடிப்பதுண்டு என்றால், திட்டவில்லை, அது சீக்கிரம் தூங்க வைத்துப் பாதி ராத்திரியில் எழுப்பிவிடும். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அறையில் இருக்கும் பையனிடம் கேள். வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

விழித்ததும் போனை எடுக்காதே, மணியும் பார்க்காதே. பார்த்தால் இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ரொம்ப நேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார். கண் சொக்கியதும் போய்ப் படு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விடியுமுன்பே விழிப்பதும், எழும்போதே மனசு கனப்பதும், எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் மனச்சோர்வாலும் வரும். அப்படி ஏதாவது இருக்கிறதா தம்பி? இருந்தால் மறைக்காதே. டாக்டரிடம் போக நேரம் வாங்கி வை, நானும் பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா