ஆதாரம் காட்ட வேண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டையில் எங்கள் தெருவை ஒட்டியுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலையில், இரவு பத்து மணிக்கு மேல் பாய்லரில் தோல் கழிவைப் போட்டு எரிக்கிறார்கள். தெருவில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். "விறகுதான் எரிக்கிறோம் என்கிறார்களே, தோல் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?" என்று கேட்டார் அதிகாரி.

முதல் ஆதாரம் என் மூக்கு. ஓய்வு பெறும் வரை தோல் ஷாப்பிலேயே, அதாவது தோல் பதனிடும் ஆலையிலேயே, காலம் தள்ளியவன் நான். விறகுப் புகை எது, தோல் கருகும் புகை எது என்று எனக்குத் தெரியாதா? முடி பொசுங்குகிற அந்த வாடை விடிந்தும் போவதில்லை. அதிகாலைத் தொழுகைக்குப் போகும் பக்கத்து வீட்டு பாய் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தெருவைத் தாண்டுகிறார்.

பதனிடுவதற்காகக் குரோமிய உப்பு ஏற்றிய ஈரத்தோலை 'வெட் புளூ' என்போம். அதை ஒரே கனத்துக்கு மெஷினில் சீவும்போது நீலத் தூள் மூட்டை மூட்டையாகச் சேரும். ஓரம் வெட்டிய துண்டுகள் வேறு. லெதர் போர்டு செய்பவர்கள் கொஞ்சம் வாங்கிப் போவார்கள். மிச்சத்தை முறையாக அகற்ற லாரி வாடகை, கட்டணம் என்று செலவு பிடிக்கும். எரித்துவிட்டால் அந்தச் செலவும் மிச்சம், விறகும் மிச்சம்.

தோலுக்குள் இருக்கும்வரை அந்தக் குரோமியத்தால் பெரிய தொல்லை இல்லை. தீயில் போட்டால் அதில் ஒரு பகுதி, புற்றுநோய் தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமாக மாறிவிடும். சாம்பலிலும் இருக்கும், புகையிலும் வரும். இந்தக் குரோமியம் என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் கழிவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். பாலாற்றுப் படுகையைத் தோல் ஷாப் கழிவுநீர் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் தொழில் நடத்துபவர்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாடு முழுக்க எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு. வேலூர் பெயரிலேயே இருப்பது வேலூரை ஒட்டிய அலுவலகத்துக்கு மட்டும் எட்டவில்லை போலும்.

தொழிற்சாலையை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. வேலை போய்விடும் என்று பயந்து அவர்கள் மனுவில் கையெழுத்துகூடப் போடவில்லை. எரிப்பதை நிறுத்தினால் போதும். சொல்லிவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு வந்தால் பாய்லர் பக்கம் சவுக்கு விறகுதான் அடுக்கியிருக்கும். அதிகாரிகள் சொல்லாமல் இரவில் வரட்டும், சாம்பலை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். எவ்வளவு தோல் சீவினார்கள், எத்தனை மூட்டைத் தூள் வெளியே போனது என்று பதிவேட்டைப் புரட்டட்டும். முடிவை மனு கொடுத்த எங்களுக்கும் எழுத்தில் தரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோல் ஷாப் மேற்பார்வையாளர்,
ராணிப்பேட்டை.