டெமோ கேசட்டை டூ-இன்-ஒன்னில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பையின் அட்டாமிக் ஃபாரஸ்ட் பாண்டு எழுபதுகளில் வாசித்த ஃபங்க் இசை இன்றும் பேசப்படுகிறது என்றால், ஒரு எல்.பி. தட்டு மிஞ்சியதுதான் காரணம். ஃபங்க், போஸ்ட்பங்க் போன்ற இசை வாசித்துவிட்டுத் தட்டு வரை போகாமலே கலைந்த உள்ளூர் பாண்டுக்கு மிச்சம், மாதிரிக்காகப் பதிந்த டெமோ கேசட் மட்டுமே. அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் நம்மவர் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) போட்டுப் பார்க்க வேண்டாம்.

முதலில் மேல் விளிம்பின் இரு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தான் அழுந்தினாலும் அழியாது. டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. அது ஹெட்டில் (டேப்பிலுள்ள ஒலியைப் படிக்கும் பாகம்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்தும் கம்பளித் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் கழற்றி, இரு சுருளையும் நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய கூட்டைப் பிளக்கப் பொறுமை வேண்டும். 90 நிமிட டேப் 60-ஐவிட மெல்லியது, எளிதில் சிக்கும்.

நல்ல கேசட் டெக்கில் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கேசட்டைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றியபின் வாசியுங்கள். பேஸ் கிதாரின் சுருதி தள்ளாடினால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது டேப்பை அழுத்தி ஓட்டும் பிஞ்ச் ரோலர் ரப்பர் இறுகியிருக்கும். ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத்தட்டு) போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தால் அசிமத் பிசகு: பதிந்த டெக்கின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒன்றல்ல. மோனோவில் கேட்டபடி ஹெட் அருகிலுள்ள சிறு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள்; ஹை-ஹாட் தெளிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதே வேலைதான். டால்பி (இரைச்சல் குறைக்கும் முறை) போட்டுப் பதியாத டேப்புக்கு டால்பி பொத்தானைத் தொடவே வேண்டாம், மேல் ஒலியைத் தின்றுவிடும்.

டெக்கின் லைன் அவுட் துளையிலிருந்து கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி. ஆகும். எம்.பி.3 நண்பர்களுக்கு அனுப்ப மட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக்கோப்பின் மேல் ஏவாதீர்கள்; இந்த இசைக்கு உயிரே வெட்டி வெட்டி வாசிக்கும் கிதாரும் ஹை-ஹாட்டும்தான், அதையும் சேர்த்து வழித்துவிடும். 'உஸ்' என்ற ஓசை இருந்துவிட்டுப் போகட்டும்.

உள் அட்டையை இருபுறமும் படமெடுத்துக் கோப்போடு வையுங்கள். டிரம்ஸ் வாசித்தவர் பெயர் பல நேரம் அதில் பென்சிலில்தான் இருக்கும்.

பழைய ஒலிநாடா சேகரிக்கும் வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு