34-ஐ 2.54-ஆல் பெருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மகளிர் இணைப்பில் வெளிநாட்டு பிரா அளவுகளை நம்மூர் அளவுக்கு மாற்றிக் காட்டும் பட்டியல் ஒன்று போட்டிருந்தீர்கள். இதையெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில் கூச்சப்படாமல் எழுதியதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் பட்டியல் தப்பு. 34 இன்ச் என்றால் 86 சென்டிமீட்டர், அதனால் ஐரோப்பிய அளவில் 85 வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது. அதை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போட்டவருக்கு வந்து சேரப்போவது நம்மூர் 38. கட்டிக்கொண்டு நடந்தால் கழன்று விழும். 34-க்கு ஐரோப்பாவில் 75 வாங்க வேண்டும்.

பெருக்கல் சரிதான், 34-ஐ 2.54-ஆல் பெருக்கினால் 86.36 வரத்தான் செய்யும். ஆனால் பிராவில் போட்டிருக்கும் 34 உங்கள் உடம்பில் எங்கேயும் இருக்கும் 34 இன்ச் கிடையாது. மார்புக்குக் கீழே டேப் வைத்து அளந்தால் 30 இன்ச் வருகிறதா, அதோடு 4 கூட்டு, 34 என்று சொல். வந்தது 29 என்றால் 5 கூட்டு, அதுவும் 34. இதுதான் பழைய கணக்கு. துணி இழுத்துக் கொடுக்காத காலத்தில் வந்த கணக்கு என்பார்கள். இப்போது எலாஸ்டிக் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, கூட்டல் மட்டும் போகவில்லை. ஐரோப்பாக்காரர்கள் இந்தக் கூட்டலே இல்லாமல் மார்புக்குக் கீழே அளந்த சென்டிமீட்டரை அப்படியே போடுகிறார்கள். ஈஎன் 13402 என்று அவர்களுக்கு ஒரு தரநிலை உண்டு, அதில் 75 என்றால் 73 முதல் 77 செ.மீ. வரை. 30 இன்ச் 76 செ.மீ., சரியாகப் பொருந்துகிறதா?

ஐரோப்பா என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. பிரான்சு, பெல்ஜியம், ஸ்பெயின் மூன்றும் அந்த 75-உடன் 15 கூட்டி 90 என்று போடுகின்றன. அதனால் பிரெஞ்சுப் பெட்டியில் 85 என்று இருந்தால் அது நம்மூர் 32, ஜெர்மன் பெட்டியில் 85 என்று இருந்தால் 38. எண் ஒன்றுதான், நடுவில் மூன்று சைஸ் வித்தியாசம். இத்தாலியில் 1, 2, 3 என்று ஒற்றை எண்ணில் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 8, 10, 12, 14 என்று கவுன் அளவு மாதிரி இருக்கும், அதில் 12-தான் நம் 34. உங்கள் பட்டியலில் ஆஸ்திரேலியாவே இல்லை, மகள் அங்கே இருக்கிற அம்மாக்கள் இங்கே எவ்வளவு பேர்!

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். எங்களுக்கு உருப்படியில் தைத்து வரும் டேக் ஒன்று, மேசையில் விரித்து வைத்து டேப்பில் பார்க்கும் அளவு வேறொன்று. சந்தேகம் இருந்தால் வீட்டில் இருக்கும் 34 சைஸ் பிராவை எடுத்து, ஹூக்கை மாட்டி, மேசையில் போட்டு, இழுக்காமல் கீழ்ப்பட்டையை மட்டும் அளந்து பாருங்கள். 34 இன்ச் வராது, நிறையவே குறைவாக இருக்கும். இழுத்துப் பிடித்தால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போகும். ஆண்கள் பனியன் அப்படியில்லை. 85 என்றால் 85 செ.மீ. மார்புக்காரருக்கு, 90 என்றால் 90-க்கு, கடைக்காரர் முதல் வீட்டுத் தாத்தா வரை எல்லோருக்கும் தெரியும். பெண்கள் உடுப்புக்கு வந்தால் மட்டும் நாட்டுக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்கு ஒரு கணக்கு!

இனி அந்த எழுத்துகள். பி, சி, டி என்பது தனியாக ஒரு அளவே இல்லை, பட்டை அளவிலிருந்து மார்பு எவ்வளவு கூடுதல் என்பதுதான். அதனால் 32பி-யும் 38பி-யும் ஒரே கப் ஆகாது. 34பி, 32சி, 36ஏ, இந்த மூன்றில்தான் கப் கிட்டத்தட்ட ஒன்று, பட்டை மட்டும் மாறும். இது தெரிந்தவர்கள் கடையில் 34 இறுக்குகிறது என்று 36பி-க்குப் போகாமல் 36ஏ கேட்பார்கள், ஆனால் நம்மூர்க் கடைகளில் 36ஏ எங்கே கிடைக்கிறது? பல கடைகளில் எழுத்தைக் கேட்பதே இல்லை, "34-ஆ 36-ஆ அக்கா" என்பதோடு முடிந்தது.

டி வரை எல்லா நாட்டு எழுத்தும் ஓரளவு ஒத்துப்போகும், அதற்கு மேலேதான் குழப்பம். பிரிட்டனில் டி-க்கு அடுத்து டிடி, இ, எஃப், எஃப்எஃப், ஜி என்று போகும். அமெரிக்காவில் டிடி-க்கு அடுத்து டிடிடி. ஐரோப்பாவில் இரட்டை எழுத்தே கிடையாது, டி, இ, எஃப், ஜி என்று நேராகப் போய்விடும். ஆக பிரிட்டனின் இ அமெரிக்காவில் டிடிடி, ஐரோப்பாவில் எஃப். பிரிட்டன் இ போடுகிறவர் ஜெர்மன் கடையில் இ வாங்கினால் ஒரு கப் குறைந்துவிடும். உங்கள் பட்டியலில் இ-க்கு நேரே இ என்றே இருக்கிறது. அதோடு இன்ச் நாடுகளில் கப்புக்குக் கப் ஒரு இன்ச், ஐரோப்பாவில் 2 செ.மீ., ஜப்பானில் 2.5 செ.மீ. என்பதால் அளவு ஏற ஏற எந்தப் பட்டியலும் வழுக்கிக்கொண்டேதான் போகும்.

ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மார்புக்குக் கீழே 30 இன்ச், மார்பு 36 இன்ச். பழைய கூட்டல் கணக்கில் இவருக்கு 34பி. ஜெர்மனியில் 75பி, பிரான்சில் 90பி, ஆஸ்திரேலியாவில் 12பி. ஜப்பானில் எழுத்து முன்னால் வரும், சி75. அங்கே 10 செ.மீ. வித்தியாசமே ஏ, 12.5 பி, 15 சி, அதனால்தான் பி அங்கே சி ஆகிவிடுகிறது. அப்புறம் இவரே லண்டனில் கூட்டல் பார்க்காத ஒரு கடைக்குப் போனால், மார்புக்குக் கீழே 30, வித்தியாசம் 6 இன்ச், "உங்கள் சைஸ் 30இ" என்பார்கள். உடம்பு அதேதான், ஒரு சுற்றுக்கூடக் கூடவில்லை! இதைத் தெரியாமல் 30இ போடுகிறவர் என்றதும் வாயைப் பிளப்பவர்களும் உண்டு.

நம்மூரில் இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஜாக்கெட் அளவு. தையல்காரர் "36 ஜாக்கெட்" என்றால் அது மார்பின் முழுச் சுற்று. அதே 36-ஐ நேரே பிரா கடையில் சொல்லிவிடுகிறார்கள். அம்மா சொன்னது, அக்கா சொன்னது, அப்படியே காலம் காலமாக. நான் மேலே சொன்ன பெண்ணும் ஜாக்கெட்டுக்கு 36-தான், பிராவுக்கு 34. அவர் 36 வாங்கினால் பட்டை லூஸாகி முதுகில் மேலே ஏறும், முன்னால் இறங்கும், அதைத் தூக்கிப் பிடிக்க ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவார், சாயங்காலம் தோளில் பள்ளம் விழுந்திருக்கும். பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டை, ஸ்ட்ராப் இல்லை. தோள் வலிக்கு மருந்து தேய்க்கிற பல பேர் முதலில் பட்டையைப் பார்த்தால் போதும். புதிதாக வாங்கும்போது கடைசி ஹூக்கில், அதாவது லூஸான ஹூக்கில், சரியாக நிற்க வேண்டும். நாள்பட இழுபட்டதும் உள்ளே இருக்கும் ஹூக்குக்கு மாறலாம், அதற்குத்தான் இரண்டு மூன்று வரிசை வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது 34, 75, 90 என்று இன்னொரு பட்டியலை மட்டும் போட்டுவிடாதீர்கள், எப்படி அளப்பது என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். மூச்சை விட்டுவிட்டு, டேப் முதுகில் ஏறாமல் தரைக்கு நேராக இருக்கும்படி மார்புக்குக் கீழே ஒன்று, மார்பின் நிறைந்த இடத்தில் இறுக்காமல் ஒன்று, இரண்டையும் செ.மீ.-யில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் அவர்களுடைய இணையப் பக்கத்தில் இந்த இரண்டு எண்ணுக்கு எந்த சைஸ் என்று தேடலாம், நாட்டுக்கு நாடு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம்மூர்க் கம்பெனிகளுக்கும் இதையே சொல்ல வேண்டும். ஜப்பானில் சி75 என்று போட்ட லேபிளிலேயே மார்புக்குக் கீழே 75, மார்பு 90 என்று இரண்டு அளவும் இருக்கும். இங்கே வெளிநாட்டு ஆர்டர் என்றால் ஒரே டேக்கில் நாலு நாட்டு சைஸ் அச்சடிக்கிறோம், உள்நாட்டுப் பெட்டியில் இன்னும் இரண்டு எண் சேர்ப்பதற்கு என்ன கஷ்டம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்