ஸ்காலர்ஷிப் பணம் ஆஃபர் லெட்டருக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும் – கோரிக்கை மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை,
இந்திய அரசு, புது டெல்லி.

அனுப்புநர்:
வெளிநாட்டு மேல்படிப்புக்கு அப்ளை பண்ற ஜூனியர்களுக்கு உதவி பண்ற முன்னாள் மாணவர்கள், தமிழ்நாடு.

பொருள்: நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் விதிகள்ல மாற்றம் கேட்டு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தமிழ்லயே எழுதறோம், ஏன்னா இதுல கையெழுத்து போடற பல பேருக்கு இங்கிலீஷ்ல மனு எழுதற அளவுக்கு தைரியம் வரல, உங்க ஆபீஸ்ல படிச்சு சொல்ல ஆள் இருப்பாங்கன்னு நம்பறோம்.

பின்தங்கின சமூக மாணவர்கள் வெளிநாட்டுல மேல்படிப்பு படிக்க இந்திய அரசு பணம் தர்ற, 1954-55லேர்ந்து நடக்கற ஸ்கீம் இது. இப்போ வருஷத்துக்கு 125 இடம், அதுல 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு, 6 சீர்மரபினர் நாடோடி சமூகத்துக்கு, 4 நிலமில்லாத விவசாயக் கூலி குடும்பங்களுக்கும் கைவினைஞர் குடும்பங்களுக்கும். பெண்களுக்கு 30 சதவீதம். டியூஷன் பீஸ், பிளைட் டிக்கெட், விசா பீஸ், இன்சூரன்ஸ், தங்கறதுக்கு பணம்னு எல்லாமே தர்றீங்க, இதை நாங்க குறைச்சு மதிப்பிடல. கிடைச்சவங்களுக்கு வாழ்க்கையே மாறிடுது. எங்க பிரச்சனை கிடைக்கறதுக்கு முன்னாடி இருக்கற காலம்தான்.

உங்க ஸ்கீமுக்கு அப்ளை பண்ணணும்னாலே க்யூஎஸ்ங்கற உலக யுனிவர்சிட்டி ரேங்க் பட்டியல்ல முதல் 500க்குள்ள இருக்கற ஒரு யுனிவர்சிட்டியோட அன்கண்டிஷனல் ஆஃபர் லெட்டர், அதாவது எந்த நிபந்தனையும் இல்லாம இடம் தரோம்ங்கற லெட்டர், கையில இருக்கணும். சரி, அந்த லெட்டர் எப்படி வரும்? ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் எக்ஸாம் எழுதணும், அதுக்கே கிட்டத்தட்ட 18,000 ரூபாய், அமெரிக்கான்னா நிறைய கோர்ஸுக்கு ஜிஆர்ஈங்கற நுழைவுத் தேர்வும் கேப்பாங்க, அது அதைவிட அதிகம். அப்புறம் ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் தனித்தனியா அப்ளிகேஷன் பீஸ், அமெரிக்காவுல ஒண்ணுக்கு 75லேர்ந்து 125 டாலர் வரைக்கும் வாங்கறது சகஜம், ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்க முடியாது, குறைஞ்சது நாலஞ்சு இடத்துக்காவது போடணும். ஸ்கோர் கம்மியா வந்துட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து பணம். கூலி வேலைக்கு போற அப்பா அம்மாகிட்ட இதை எப்படிங்க கேக்கறது? கேக்காமயே விட்டுடறாங்க. அப்படி விட்டவங்க யாரும் உங்க அப்ளிகேஷன் கணக்குல வர மாட்டாங்க, உங்க ரிஜெக்ட் லிஸ்ட்லயும் வர மாட்டாங்க, அவங்க இருந்தாங்கன்னே உங்களுக்கு தெரியாது.

தமிழ்நாட்டுல ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசு நிறுவனமான தாட்கோ மூலமா ஐஇஎல்டிஎஸ், அதே மாதிரி இன்னொரு இங்கிலீஷ் எக்ஸாமான டோஃபல், ஜிஆர்ஈ கோச்சிங் கொடுக்கறாங்க, நல்ல விஷயம். அதே மாதிரி ஒண்ணு நாடு முழுக்க உங்க துறையிலேர்ந்து வரணும், கோச்சிங்கோட நிக்காம எக்ஸாம் பீஸும் அப்ளிகேஷன் பீஸும் சேர்த்து. டிகிரி கடைசி வருஷம் படிக்கறப்பவே, 60 சதவீதத்துக்கு மேல மார்க் இருக்கற, வருமான வரம்புக்குள்ள வர்ற பசங்களுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே கொடுங்க. சில பேரு எடுத்துட்டு அப்ளை பண்ணாம போவாங்கன்னு நீங்க நினைக்கலாம். போகட்டுமே, எக்ஸாம் ஸ்கோரைக் காட்டச் சொல்லுங்க, யுனிவர்சிட்டிக்கு நேரா கட்டுங்க, வழி இல்லாம இல்ல.

அடுத்தது நேரம். செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பிக்கும், பிரிட்டன் யுனிவர்சிட்டிங்க அதுக்கு பல வாரம் முன்னாடியே சில ஆயிரம் பவுண்ட் டெபாசிட் கேப்பாங்க, அது கட்டினாதான் விசாவுக்கு வேண்டிய பேப்பர் தருவாங்க. விசாவுக்கு பணத்தை 28 நாள் தொடர்ந்து பேங்க்ல வெச்சு காட்டணும். ஸ்காலர்ஷிப் உறுதின்னு நீங்க தர்ற அவார்டு லெட்டர் கையில இருந்தா கவர்மென்ட் ஸ்பான்சர்னு காட்டிட்டு போயிடலாம். லெட்டர் லேட்டானா? 2025 ஜூலையில 106 பேரை செலக்ட் பண்ணிட்டு முதல்ல 40 பேருக்கு மட்டும் லெட்டர் கொடுத்தாங்க, மீதி 66 பேருக்கு நிதி இருந்தா தரோம்னு சொன்னாங்க. செலக்ட் ஆயிட்டேன்னு ஊரு பூரா சொன்ன பையன் அடுத்த நாள் என்ன பதில் சொல்லுவான்? வசதி இருக்கற வீட்டுப் பையன்னா அப்பா நிலத்தை அடகு வெச்சு அந்த இடைவெளியை தாண்டிடுவாரு. இந்த ஸ்கீம் யாருக்காகவோ அவங்ககிட்ட அடகு வெக்க நிலமே கிடையாது, உங்க விதியிலயே "நிலமில்லாத"ன்னு போட்டிருக்கே. அதனால செலக்ஷன் மே மாசத்துக்குள்ள முடியணும், எத்தனை இடம்னு அறிவிக்கறீங்களோ அத்தனைக்கும் நிதியை அறிவிக்கும்போதே ஒதுக்கி வெக்கணும், டெபாசிட்டை துறையே நேரடியா கட்டணும்.

தங்கற செலவு பத்தி ஒரு கணக்கு. பிரிட்டன்ல படிக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 9,900 பவுண்ட் தர்றீங்க, மாசத்துக்கு 825. பிரிட்டிஷ் அரசாங்கமே மாணவர் விசாவுக்கு லண்டனுக்கு வெளிய மாசம் 1,136 பவுண்டும் லண்டன்ல 1,483 பவுண்டும் வேணும்னு 2025 ஜனவரியில விதி போட்டாங்க. அந்த நாடே இது இல்லாம வாழ முடியாதுன்னு சொல்ற தொகையை விட நம்ம தொகை கம்மி. கன்டின்ஜென்சின்னு இதர செலவுக்கு வருஷத்துக்கு தர்ற 1,100 பவுண்டை சேர்த்தாலும் எட்டாது. இதை வருஷா வருஷம் அந்தந்த நாட்டோட விசா விதியைப் பாத்து மாத்துங்க, பெரிய கமிட்டி எல்லாம் தேவையில்ல, அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்க.

பணம் பாதியில நின்னா என்ன ஆகும்ங்கறதுக்கு அம்பேத்கரையே பாருங்க. 1913ல பரோடா மகாராஜா கொடுத்த மாசம் பதினொன்னரை பவுண்ட் உதவியாலதான் கொலம்பியா போனாரு, அங்கேர்ந்து லண்டன் போயி படிச்சிட்டு இருக்கும்போது உதவிக் காலம் முடிஞ்சதுனால 1917ல திரும்பி வர வேண்டியதாச்சு, 1920லதான் மறுபடியும் போக முடிஞ்சது. அவரு சமாளிச்சாரு. எல்லாரையும் அப்படி சமாளிக்கச் சொல்லாதீங்க.

அவரைப் பத்தி பேசினதால இன்னொண்ணு, இதுல கொஞ்சம் கோவமாவே எழுதறோம், மன்னிக்கணும். 2022லேர்ந்து இந்தியக் கலாச்சாரம், பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பத்தின சமூக ஆய்வு இதெல்லாம் எடுத்தா இந்த ஸ்காலர்ஷிப் கிடையாதுன்னு விதி போட்டாங்க. இதையெல்லாம் படிக்க வெளிநாடு எதுக்கு, இங்கயே படிக்கலாமேன்னு காரணம் சொல்றாங்க. 1916ல அம்பேத்கர் கொலம்பியாவுல வாசிச்ச கட்டுரையே இந்தியாவுல சாதி எப்படி வந்துச்சுங்கறதைப் பத்திதான். இன்னிக்கு விதிப்படி அந்த தலைப்போட அவர் அப்ளை பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே சொல்லுங்க. சொந்த செலவுல போறவங்க எந்த தலைப்பையும் எடுத்து ஆராய்ச்சி பண்ணலாம், இந்த நாட்டு சாதியைப் பத்தி எழுதலாம், அதை அனுபவிச்ச குடும்பத்துலேர்ந்து வர்ற பொண்ணுக்கு மட்டும் இன்ஜினியரிங் எடு, சயின்ஸ் எடுன்னு சொன்னா அது எந்த விதத்துல சமூக நீதி? இந்த விதியை முழுசா எடுக்கணும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உங்க அமைச்சகத்தோட இன்னொரு துறையில தனியா 20 இடம் இருக்கு. வீல்சேர்ல இருக்கற ஒரு தலித் பொண்ணு எந்த போர்ட்டல்ல போறது, கூட ஒரு உதவியாளர் வரணும்னா அந்த செலவு யார் கணக்கு, இதுக்கெல்லாம் ஒரே இடத்துல பதில் கிடைக்கற மாதிரி பண்ணுங்க.

போன பிறகு நடக்கறதையும் கொஞ்சம் பாருங்க. சாதி பிளைட் ஏறி கூடவே வருது. அமெரிக்காவுல 2019ல பிராண்டைஸ் யுனிவர்சிட்டியும் 2022ல கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் சாதிப் பாகுபாடு கூடாதுன்னு தங்களோட விதிகள்ல சேர்த்தாங்கன்னா அங்க பிரச்சனை இருக்குன்னுதானே அர்த்தம். அறை பகிர்ந்துக்கற இடத்துல சாதியைத் தெரிஞ்சுக்க சர்நேம் என்னன்னு கேட்டா யார்கிட்ட போய் சொல்றது? தூதரகத்துல இந்த ஸ்காலர்ஷிப் பாக்கற அதிகாரி பணம் அனுப்பற வேலையோட நிக்காம, புகார் வாங்கறவராவும் இருக்கணும், அவரோட போன் நம்பர் அவார்டு லெட்டர்லயே இருக்கணும்.

அடுத்த வருஷத்துக்கான போர்ட்டல் திறக்கறதுக்கு முன்னாடி இதுல எதெல்லாம் செய்ய முடியும், எதெல்லாம் முடியாது, முடியாதுன்னா ஏன்னு எழுத்து மூலமா பதில் தரும்படி கேட்டுக்கறோம். கூப்பிட்டா டெல்லிக்கு வந்து நேர்ல பேசவும் தயார், வீடியோ கால்னா இன்னும் வசதி, டிக்கெட் செலவு மிச்சம்.

இப்படிக்கு,
கையெழுத்திட்ட மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர்கள்