குறுக்கே 21 மீட்டர்: சாலைப் பொறியாளர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே, மாமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். நமது பிரதான சாலையை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஏற்றபடி மாற்றியமைக்க நீங்கள் வெளியிட்டுள்ள வரைவுத் திட்டத்தை முழுமையாகப் படித்தேன். இப்படியொரு முயற்சியைத் தொடங்கியதற்கு முதலில் என் மனமார்ந்த நன்றி. ஆனாலும் வரைபடத்தை மூடி வைத்தபின் ஒரு கேள்வி என்னை விடவில்லை: இந்தச் சாலையை மிகவும் மெதுவாகக் கடப்பவர் யாரோ, அவரை மனத்தில் வைத்து இதை வரைந்தீர்களா?

சென்ற வாரம் ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சீப்ரா கிராசிங்கில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நடப்போருக்கான பச்சை விளக்கு 18 நொடிகள் எரிந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, ஒரு கையில் பையும் மறு கையில் ஊன்றுகோலுமாக, விளக்கு மாறிய அந்தக் கணமே இறங்கினார். தயங்கவுமில்லை, வேடிக்கை பார்க்கவுமில்லை. நடுத்திட்டைத் தாண்டி ஒரு தடம்தான் போயிருப்பார், விளக்கு சிவந்துவிட்டது. முன்னே போக இன்னும் இரண்டு தடங்கள், அவற்றில் வண்டிகள் கிளம்பிவிட்டன. அவர் திரும்பி வந்து, ஒரு பாதத்தின் நீளம்கூட இல்லாத நடுத்திட்டின் கல் மேல் ஏறி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இரு பக்கமும் பேருந்துகள் விரைந்தன. அடுத்த பச்சை வரும்வரை அவர் கண்களைத் திறக்கவே இல்லை.

அந்த 18 நொடி எங்கிருந்து வந்தது என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பட்டையைச் சேர்க்காமலேயே, 3.5 மீட்டர் அகலமுள்ள ஆறு தடங்கள் சேர்ந்து 21 மீட்டர் ஆகின்றன. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதைப் பதினேழரை நொடியில் கடந்துவிடுவார். ஆனால் முதியவர் பலர் நொடிக்கு 0.8 மீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் நடக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்தது 26 நொடிகள் வேண்டும். அந்தப் பெண்மணி எந்தத் தவறும் செய்யவில்லை. கணக்கில்தான் அவர் இல்லை. வரைவுத் திட்டமும் அதே 18 நொடியை அப்படியே வைத்திருக்கிறது.

நொடிகளைக் கூட்டுங்கள் என்பதோடு, கடக்கும் தூரத்தையும் குறையுங்கள் என்று வேண்டுகிறேன். பேருந்து ஓடும் இரு ஓரத் தடங்களை விட்டுவிட்டு, நடுவிலுள்ள நான்கு தடங்களை மட்டும் 3 மீட்டராக ஆக்கினால் 2 மீட்டர் மிஞ்சும். அதைக் கொண்டு, ஒரு சக்கர நாற்காலியோ மிதிவண்டியோ பத்திரமாக நிற்கக்கூடிய அகலத்தில் நடுத்திட்டு அமைக்கலாம். ஒரே மூச்சில் கடக்க வேண்டிய சாலை, இரண்டு சிறிய சாலைகளாகப் பிரிந்துவிடும். தடம் குறுகினால் ஓட்டுநரின் கால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அகலமான சாலையில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை எத்தனை நட்டாலும், சாலை ஓட்டுநரிடம் சொல்வது வேறாகவே இருக்கும்.

வேகத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே வண்டி 14 மீட்டர் வந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியோ, ஈரமில்லாத சாலையில், அந்த 14 மீட்டருக்குள் பெரும்பாலும் முழுதாக நின்றே விடும். ஆகவே, ஒரு வண்டி நின்றுவிடும் அதே இடத்தில் மற்றொன்று அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஸ்பெயின் 2021 முதல், திசைக்கு ஒரே தடம் உள்ள நகரத் தெருக்களில் 30 கிலோமீட்டரையே சட்டபூர்வ வரம்பாக்கியிருக்கிறது. நமது சாலை அதைவிட அகலமானதுதான். ஆனால் பள்ளியும் பேருந்து நிறுத்தமும் உள்ள பகுதியிலாவது அந்த வேகத்தைக் கொண்டுவர முடியும். அங்கே கிராசிங்கை நடைபாதையின் உயரத்துக்கே மேடாக அமைத்தால், நடப்பவர் இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் மெல்ல ஏறி இறங்கும்.

மாறாக, வரைவு நடை மேம்பாலத்தை முன்வைக்கிறது. 6 மீட்டர் உயரம், படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால், 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். ஊன்றுகோலோடு வந்த அந்தப் பெண்மணியிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

மிதிவண்டித் தடத்தை ஓடும் வண்டிகளுக்கும் நிற்கும் வண்டிகளுக்கும் இடையே வெறும் வெள்ளைக் கோடாக வரைந்திருக்கிறீர்கள். அதே மாலையில், நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திடீரெனத் திறக்க, பள்ளிப் பையோடு வந்த ஒரு சிறுவன் வண்டியை ஒடித்துப் பேருந்தின் முன் சக்கரத்துக்கு ஒரு கை தூரம்வரை போய் மீண்டான். கோடு யாரையும் தடுத்து நிறுத்தாது. விளிம்புக் கல் தடுக்கும். நியூயார்க் நகரம் 2007-இல் ஒன்பதாம் அவென்யூவில் இடத்தை மாற்றிப் போட்டது: நடைபாதையை ஒட்டி மிதிவண்டி, அதற்கு வெளியே நிற்கும் கார்கள். கதவு திறக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு அதையே இங்கும் செய்யலாம். சில வண்டிகள் நிறுத்த இடமில்லாமல் போகும் என்பது உண்மை. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ தன் நகர மையத்தில் நூற்றுக்கணக்கான நிறுத்துமிடங்களை அகற்றியது, பல சாலைகளில் வேகத்தையும் குறைத்தது. 2019-ஆம் ஆண்டில் அந்நகரச் சாலைகளில் நடந்தோ மிதிவண்டியிலோ சென்ற ஒருவர்கூட இறக்கவில்லை.

வணிகர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்ற கவலை, 1962-இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ராய்யட் தெருவில் கார்கள் வரத் தடை விதித்தபோதும் எழுந்ததுதான். இன்றும் அது நகரின் முதன்மையான கடைத்தெருக்களில் ஒன்றாகவே இருக்கிறது. அதற்காக எதிர்ப்பாளர்களை நம்பச் சொல்ல வேண்டாம், பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் பெயின்டும் தடுப்புகளும் மடக்கு நாற்காலிகளும் கொண்டுதான், சாலையின் ஒரு பகுதியை நடப்போருக்கு ஒதுக்கும் சோதனையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்க முடிவெடுத்தார்கள். நாமும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன், பூந்தொட்டிகளாலும் தற்காலிகக் கற்களாலும் ஆறு மாதம் இந்த வடிவத்தை அமைத்துப் பார்க்கலாம்.

அதற்கும் முன்பாக ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முந்தைய ஏதாவது ஒரு நாளில், மாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள். கடிகாரத்தோடு நான் அங்கே காத்திருப்பேன். ஊன்றுகோலோடு வரும் யாராவது ஒருவருக்குப் பக்கத்தில், அவருடைய நடையிலேயே, ஒருமுறை சாலையைக் கடந்து பாருங்கள்.

இப்படிக்கு,
இந்தச் சாலையில் தினமும் நடக்கும் ஒரு குடிமகன்