மோட்டார் இருக்கிறது, கரண்ட் இருக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி நெருங்கினால் எல்லா நாளிதழ்களிலும் மழைக்கால முன்னெச்சரிக்கை என்று ஒரு பட்டியல் வந்துவிடும். டார்ச் லைட், மெழுகுவர்த்தி, பால் பவுடர், ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ வீடுகள் ரோட்டை விடத் தாழ்ந்து கிடக்கின்றனவே, அதற்குள் வந்து நிற்கும் தண்ணீரைக் கரண்ட் இல்லாத ராத்திரியில் எப்படி இறைப்பது என்று ஒரு வரி இருக்காது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், பேட்டரி பற்றிச் சொல்வதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் மோட்டார் இருக்கிறது. முற்றத்து மூலையில் ஒரு குழி, அதில் தண்ணீருக்குள் மூழ்கியபடியே ஓடும் அரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், ஹோஸ் பைப்பைத் தெருப்பக்கம் நீட்டிவிட்டால் முடிந்தது. சாதாரண மழைக்கு இது போதும். புயல் மழைக்கு உதவாது, ஏனென்றால் தண்ணீர் ஏறும்போதுதான் கரண்ட்டும் போகும். மின்வாரியத்தைத் திட்டிப் பயனில்லை. கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்து உயிர் போவதை விட ஊரையே அணைத்து வைப்பது மேல். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்றுகொண்டு ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு ரெயின்போ நகரில் என் தங்கை வீட்டில் மோட்டார் புத்தம் புதியது. சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்ததுதான் மிச்சம்.

"எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பார்கள். இருக்கட்டும். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்நூறு, அறுநூறு வாட்ஸ் இழுக்கும், கிளம்பும் அந்த நொடியில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் என்று வாங்கி வைத்த 850 வி.ஏ. இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் ஓவர்லோடு என்று சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். அப்படியே இழுத்தாலும் 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரிது. கரண்ட்டைக் கரடுமுரடாகக் கொடுக்கும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரானால் மோட்டார் உறுமிக்கொண்டு சூடேறும். இந்த வழியில்தான் போவேன் என்பவர் இரட்டை பேட்டரி போட்டு, மின்வாரியக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கும் பெரிய சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும், செலவு அதிகம்.

எனக்குத் தெரிந்து வீட்டுக்கு ஒத்துவருவது 12 வோல்ட் பம்புதான். விசைப்படகின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க வைப்பார்களே, அந்த வகை. பேட்டரியில் நேரடியாக ஓடும், நடுவில் இன்வெர்ட்டரே வேண்டாம். எட்டு ஆம்பியர் இழுக்கும் பம்பு 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஒரு ராத்திரியைத் தாண்டிவிடும். இன்னொரு நன்மை, 12 வோல்ட்டில் ஷாக் பயம் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு 230 வோல்ட் மோட்டாரின் பிளக்கைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பெட்டியில் மணிக்கு 2000 கேலன் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சுமார் 7,500 லிட்டர் வருகிறது, ஆனால் அது தண்ணீரை மேலே தூக்காமல் பக்கத்திலேயே கொட்டினால் கிடைக்கும் அளவு. பத்தடி உயரம் தூக்கினால் பாதி தேறுவதே கஷ்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி முற்றத்தில் 10 செ.மீ. மழை என்றால் சுமார் 9,300 லிட்டர். ஃபெஞ்சல் மாதிரி பெய்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். அதனால் மொட்டைமாடித் தண்ணீரை முதலில் முற்றத்தில் விழவிடாமல் தனிக் குழாயில் வெளியே திருப்பிவிடுங்கள், பம்புக்குப் பாதி வேலை குறையும்.

பொருத்தும்போது கடைக்காரர்கள் சொல்லாத சில விஷயங்கள். மெல்லிய ஒயர் போடாதீர்கள். பேட்டரி பத்து மீட்டர் தள்ளி இருந்து 1.5 ஸ்கொயர் (அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர்) ஒயர் போட்டால் போகிற வழியிலேயே இரண்டு வோல்ட் தொலையும், பம்புக்குப் பத்துதான் போய்ச் சேரும், அது சோனியாகச் சுற்றும். நாலு அல்லது ஆறு ஸ்கொயர் வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். லோ வோல்டேஜ் கட் ஆஃப் என்று ஒரு சின்ன சமாச்சாரம் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வைத்தால் பேட்டரி அடியோடு இறங்கிச் சாகாது. பைப்பில் தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் பம்பு நின்றதும் பைப்பில் ஏறிய தண்ணீர் முழுக்கக் குழிக்கே திரும்பும், பம்பை ஓட்டும் மிதவை சுவிட்ச் எழும்பும், பம்பு மறுபடி ஓடும், விடிய விடிய இதே கூத்து. அந்த வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் பைப்பில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடச் சொல்வார்கள், பிளம்பர் உங்களைப் பைத்தியம் என்பது போலப் பார்ப்பார், விடாதீர்கள். காற்று அடைத்துக்கொண்டு பம்பு சும்மா சுற்றாமல் இருக்க அந்த ஓட்டைதான் வழி.

எங்கள் பக்கம் மணல் பூமி. அடைமழை பிடித்தால் நிலத்தடி நீர் மேலேறி, தரையிலேயே ஊறத் தொடங்கிவிடும். வெறும் குழியில் பம்பை இறக்கினால் தண்ணீரோடு மணலும் வரும், அப்புறம் தரை உள்வாங்கும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றிலும் ஓட்டை போட்டுப் புதைத்து, வெளியே முக்கால் இன்ச் ஜல்லி கொட்டி, உள்ளே இரண்டு செங்கல் மேல் பம்பை உட்கார வையுங்கள். பம்பு தானாக ஓடவும் நிற்கவும் மிதவை சுவிட்ச் உண்டு, அது டிரம் பக்கத்தில் உரசாமல் தாராளமாக ஏறி இறங்க வேண்டும். போன வருடம் பக்கத்து வீட்டில் பம்பு ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பம்பில் கோளாறே இல்லை. ஒரு காலி பால் கவர் மிதவையின் கழுத்தில் சுற்றிக்கொண்டு அதை எழும்பவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கவரை உருவிய உடனே சளி கட்டின மாதிரி ஒரு இருமல் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் வரும் வீட்டில் தரையில் வைத்த பேட்டரி முதல் பலி. இடுப்பு உயரத்தில் மேடை கட்டிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மூடிய அலமாரியும் பூஜை அறை விளக்குப் பக்கமும் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பேட்டரியோடு காசும் போச்சு. முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவுங்கள். கடற்காற்று ஊரில் இதைச் செய்யாமல் இருக்கவே முடியாது. நாலைந்து வருடம் ஆன பேட்டரி மீட்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதே என்று நம்பி உட்காராதீர்கள், பம்பை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

அந்தச் சோதனையைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை எழும்புகிறதா, பம்பு தானாக ஓடுகிறதா, தண்ணீர் உண்மையிலேயே தெருவில் போய் விழுகிறதா, நின்ற பிறகு திரும்பி வருகிறதா. வீட்டில் உள்ள எல்லோரும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், புயல் ராத்திரியில் இதையெல்லாம் தெரிந்த ஒரே ஆள் வெளியூரில் இருப்பார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறே ஊருக்குள் வந்தால் பம்பு எதற்கும் ஆகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது கரையோரக் குடியிருப்புகளில் பம்பு வைத்து என்ன செய்வது, எங்கே இறைப்பது? அப்போது மெயினை அணைத்துவிட்டு மேட்டுக்குப் போவதுதான் வேலை. சிலர் வாடகைக்கு டீசல் எஞ்சின் கொண்டுவந்து வராந்தாவுக்குள்ளேயே ஓட்டுகிறார்கள், அந்தப் புகையில் வாசனை தெரியாத விஷவாயு இருக்கிறது, தயவுசெய்து எஞ்சினை வெட்டவெளியில் வையுங்கள்.

கடைசியாக மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இலேயே சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் மேலேயே போட்டார்கள், வாசற்படி ஒன்று புதைந்துவிட்டது. அடுத்த முறை சுரண்டிவிட்டுப் போடுங்கள். அதுவரை, மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாரி, எடுத்த சேற்றை அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். கரையில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே உள்ளே சரிகிறது, நாங்கள் இறைக்கிற தண்ணீருக்குப் போக வழியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.