தாய்லாந்து டூர் விற்கும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஊருக்கு ஊர் தாய்லாந்து டூர் நடத்துகிற அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபடியே இருக்கின்றன. பாங்காக் இரண்டு இரவு, பட்டாயா இரண்டு இரவு, கோரல் ஐலண்ட், இந்தியச் சாப்பாடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பேக்கேஜ் ‘பேச்சிலர்ஸ் ஸ்பெஷல்’ ஆகும்போது மட்டும் ஓரத்தில் கண்ணடிக்கும் பொம்மை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனைவியோடு போக விலை விசாரித்தபோது, “ஃபேமிலியோடவா சார் பட்டாயா?” என்று சிரித்தார் உங்களில் ஒருவர்.

பட்டாயா ஒரு காலத்தில் மீனவர் குப்பம். வியட்நாம் போருக்காகத் தாய்லாந்தில் அமெரிக்க விமானத்தளங்கள் வந்தன. பட்டாயாவுக்குத் தெற்கே இருக்கும் ஊதபாவ் அவற்றில் ஒன்று. போர்முனையிலிருந்து விடுப்பில் வரும் சிப்பாய்களுக்கு ஓய்வும் கேளிக்கையும் தர 1967இல் ஒப்பந்தமே போட்டார்கள். இத்தனைக்கும் பாலியல் தொழிலை 1960லேயே தடை செய்த நாடு அது. 1966இல் இன்னொரு சட்டம் வந்து மதுக்கூடங்களுக்கும் மசாஜ் பார்லர்களுக்கும் உரிமம் கொடுத்தது. தலைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். சிப்பாய்கள் போன பிறகும் அவர்களை நம்பி எழுந்த விடுதிகளும் பார்களும் அப்படியே இருந்தன. அவற்றை நிரப்பச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். வடகிழக்கே ஈசான் பகுதியின் வறண்ட நிலத்தில் கடனோடு விவசாயம் பார்த்த குடும்பங்களிலிருந்து பெண்கள் வேலை தேடி வந்தார்கள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. 1993இல் லாங்மேன் நிறுவனத்தின் ஆங்கில அகராதி ஒன்று, பாங்காக் என்றால் பாலியல் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்று விளக்கம் எழுதியது. தாய்லாந்து கொதித்துப்போய் அகராதியைத் தடை செய்தது. 2016இல் சுற்றுலா அமைச்சராக இருந்த கோப்கார்ன் என்ற பெண்மணி, இந்தத் தொழிலே நாட்டில் இருக்கக் கூடாது என்றார். 2018இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டு அமைச்சர், ‘அதற்கென்றால் தாய்லாந்து போங்கள்’ என்கிற மாதிரி பேசிவிட, முறைப்படி கண்டனம் போனது. சொன்னவர்கள்மேல் வந்த கோபம், ரெய்டு என்று வரும்போது அந்தப் பெண்கள்மேல் விழுகிறது. அபராதம் கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். பையில் டாலரோடு வந்தவர் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பிவிடுகிறார்.

பாங்காக்கின் வாட் போ கோயில் தலைமுறைகளாக மசாஜ் கலையைக் காத்துவரும் இடம். 2019இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூரில் ‘தாய் மசாஜ்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து மேஜையில் என்ன சிரிப்பு வருகிறது என்று. முறையாகப் படித்துவிட்டு வேலைக்கு வருகிற பெண் வெளிநாட்டில் ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் சம்பாதிக்க வேண்டும்.

கெடுவது அவர்கள் பெயர் மட்டுமா? 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து ஆக்கியதிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறோம். பட்டாயா கடற்கரைச் சாலையில் பத்துப் பேர் சேர்ந்து நின்று ஒரு பெண்ணிடம் பேரம் பேசுவதும், கேட்காமல் போனில் படமெடுப்பதும் யாருடைய மானத்தை வாங்குகிற காரியம்? அங்கே அவன் எந்த ஊர்க்காரன் என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்தியன், அவ்வளவுதான்.

ஆண்களை அழைத்துப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வயதுவந்த இருவர் நடுவே நீதிபதியாக உட்காரவும் எனக்கு ஆசையில்லை. ஆனால் 18 வயது ஆகாதவர் என்றால் பணம் கொடுத்தவனுக்கு அங்கே சிறை உண்டு. வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கு இந்தியக் குடிமகன்மேல் இங்கேயும் வழக்குப் போடலாம். பயணத்துக்கு முன் பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் பற்றி வகுப்பெடுக்கிற நீங்கள் இதையும் இரண்டு வரி சொன்னால் என்ன? அந்தக் கண்ணடிக்கும் பொம்மையையும் எடுத்துவிடுங்கள். ஆங்கில அகராதி அன்று எழுதியதைத்தானே அதுவும் சொல்கிறது?

இன்னொன்று கேட்கிறேன். பாங்காக்கிலிருந்து பட்டாயா எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் மேற்கே காஞ்சனபுரி. இரண்டாம் உலகப் போரின்போது 1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் பாதை அந்த வழியாகத்தான் போனது. அந்த வேலைக்கு மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். அதே வேலையில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படியொரு வரிசை கிடையாது. என் கண்ணில் பட்ட உங்கள் பேக்கேஜ் எதிலும் அந்த ஊரே இல்லை. ஒரு பகல் ஒதுக்குங்கள். பஸ்ஸுக்குச் செலவாகும் என்றால் பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, அந்தப் பழைய பாதையில் மிச்சமிருக்கும் பகுதியில் இன்றும் ஓடுகிறது, டிக்கெட்டும் மலிவு.